பிரித்தானிய ஜாஸ் இசையும் அதன் முற்போக்குக் கிளைகளும்

பிரித்தானிய ஜாஸ் இசை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே தோன்றிய ஜாஸ் இசை பிரித்தானியாவை அடைந்த பின்னர் அந்நாட்டில் வளர்ந்த இசை மரபைக் குறிக்கும். 1919 ஆம் ஆண்டளவில் தொடங்கிய இம்மரபு, முதல் நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் அமெரிக்க இசையைப் பின்பற்றியே அமைந்தது. 1960களில் அது தனக்கென ஓர் அடையாளத்தைப் பெற்றது. கட்டற்ற இசை, இந்தோ-ஜாஸ், ஜாஸ்-ராக், கேன்டர்பரி இசை ஆகியன அக்காலத்தில் இம்மரபிலிருந்து பிரிந்த கிளைகளாகும். முற்போக்கு ராக் எனப்படும் இசை வகையின் வளர்ச்சியிலும் பிரித்தானிய ஜாஸ் கலைஞர்களின் பங்கு பெரியது.

பிரித்தானியாவில் ஜாஸ் கேட்போரின் எண்ணிக்கை எக்காலத்திலும் குறைவாகவே இருந்தது. இதனால் ஜாஸ் கலைஞர்கள் ஜாஸ் இசையை மட்டுமே வாசித்து வாழ்வது அரிதாக இருந்தது. நடனக் குழுக்கள், திரையிசை, புளூஸ், ராக் எனப் பல இடங்களில் அவர்கள் வாசித்தனர். ஒரே கலைஞர் ஒரே ஆண்டில் பல குழுக்களில் இடம்பெறுவது வழக்கமாயிற்று. வெவ்வேறு இசை வகைகள் ஒன்றோடொன்று கலந்த பிரித்தானிய இசையின் தனித்தன்மைக்கு இச்சூழல் ஒரு முக்கிய காரணமாகும்.

தொடக்க காலம்

1919 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்னும் அமெரிக்க இசைக்குழு இலண்டனுக்கு வந்தது. வெள்ளையர்களை மட்டுமே கொண்ட இக்குழு, அதே ஆண்டில் திறக்கப்பட்ட ஹாமர்ஸ்மித் பாலே நடன அரங்கிலும் வாசித்தது. அவ்வாண்டிலேயே சதர்ன் சிங்கோபேட்டட் ஆர்கெஸ்ட்ரா என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கக் குழுவும் இலண்டனுக்கு வந்தது. பின்னாளில் புகழ்பெற்ற கிளாரினெட் கலைஞர் சிட்னி பெஷே அக்குழுவில் இருந்தார்.

1920களில் ஜாஸ் இசை பெரும்பாலும் நடன இசையாகவே பிரித்தானியர்களுக்கு அறிமுகமாகியது. 1926 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மெலடி மேக்கர் இதழ் நடன இசைக் கலைஞர்களுக்கும் ஜாஸ் ஆர்வலர்களுக்கும் தகவல்களை வழங்கியது. 1932 இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1933 இல் டியூக் எலிங்டனும் பிரித்தானியாவிற்கு வந்தபோது, இசைத்தட்டுகளில் மட்டும் கேட்ட இசையை நேரில் கேட்கும் வாய்ப்பு இரசிகர்களுக்குக் கிடைத்தது.

தடைக்காலம்

1935 ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொழில் அமைச்சு அமெரிக்க இசைக்குழுக்களுக்குப் பணி அனுமதி வழங்குவதை நிறுத்தியது. பிரித்தானியக் குழுக்களை அமெரிக்கா அனுமதிக்காத நிலையில் அமெரிக்கர்களை மட்டும் அனுமதிப்பது முறையன்று என்பது இசைக்கலைஞர் சங்கத்தின் நிலைப்பாடாகும். இத்தடை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்து, 1956 ஆம் ஆண்டளவில் குழுக்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டின் மூலம் தளர்ந்தது. 1949 இல் சிட்னி பெஷே இலண்டனில் ஹம்ப்ரி லிட்டில்டன் குழுவினருடன் வாசித்தபோது, நிகழ்ச்சி அமைப்பாளர்கள் வழக்கிற்கு உள்ளாகித் தண்டம் செலுத்த நேர்ந்தது.

இத்தடை உள்ளூர்க் கலைஞர்களின் வேலையைப் பாதுகாத்தது. அதே வேளையில், ஜாஸ் இசை மிக வேகமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் அதன் மூலத்திலிருந்து அவர்களைப் பிரித்தும் வைத்தது. பீபாப் என்னும் புதிய ஜாஸ் பாணியை அறிந்துகொள்வதற்காகவே இளம் கலைஞர்கள் சிலர் அத்திலாந்திக் கடலைக் கடக்கும் பயணிகள் கப்பல்களின் இசைக்குழுக்களில் வேலைக்குச் சேர்ந்தனர். கப்பல் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் குறுகிய நேரத்தில் அவர்கள் அந்நகரின் இசைக்கூடங்களுக்குச் சென்று சார்லி பார்க்கர் போன்றோரின் வாசிப்பைக் கேட்டனர். இவர்களுள் ரோனி ஸ்காட், ஜான் டேங்க்வொர்த் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்கள் 1948 இல் வேறு சில கலைஞர்களுடன் இணைந்து கிளப் இலெவன் என்னும் இசைக்கூடத்தைத் தொடங்கினர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் ஜாஸ் இசை தொடர்ந்தது. பிரித்தானிய கயானாவில் பிறந்த கென் ஜான்சன் கரிபியக் கலைஞர்களைக் கொண்ட ஒரு சிறந்த சுவிங் இசைக்குழுவை நடத்தினார். 1941 மார்ச் 8 அன்று இலண்டன் கஃபே டி பாரி அரங்கின் மீது விழுந்த குண்டுவீச்சில், குழு வாசித்துக்கொண்டிருந்தபோதே அவர் உயிரிழந்தார்.

டிராட், ஸ்கிஃபிள், புளூஸ்

போருக்குப் பின்னர் பிரித்தானிய ஜாஸ் இரு பிரிவுகளாகப் பிரிந்தது. ஒரு பிரிவினர் பீபாப் வழியில் நவீன ஜாஸை வளர்த்தனர். மற்றொரு பிரிவினர் நியூ ஓர்லியன்சின் பழைய ஜாஸே தூய்மையானது எனக் கருதி அதை மீட்டெடுக்க முயன்றனர். இரண்டாவது பிரிவின் இசை 'டிராட்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்டது. கென் கோலியர், கிறிஸ் பார்பர், ஏக்கர் பில்க், கென்னி பால் ஆகியோர் இதன் முன்னணிக் கலைஞர்களாவர். ஏக்கர் பில்க் கிளாரினெட்டில் வாசித்த 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் த ஷோர்' 1962 ஆம் ஆண்டில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

டிராட் இசை பழைமையை நோக்கியது எனினும், அதன் விளைவுகள் எதிர்பாராத திசையில் சென்றன. கிறிஸ் பார்பர் குழுவில் பேஞ்ஜோ வாசித்த லோனி டொனேகன் 1954 இல் பதிவு செய்த 'ராக் ஐலண்ட் லைன்' என்னும் பாடல், எளிய கருவிகளைக் கொண்டு பாடப்படும் ஸ்கிஃபிள் இசையை நாடெங்கும் பரப்பியது. லிவர்பூலில் ஜான் லெனன் தொடங்கிய முதல் குழுவும் ஒரு ஸ்கிஃபிள் குழுவேயாகும். 1958 இல் பார்பரின் முயற்சியால் அமெரிக்க புளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் பிரித்தானியாவில் இசைப்பயணம் மேற்கொண்டார்.

பார்பருடன் வாசித்த அலெக்சிஸ் கோர்னர், சிரில் டேவிஸ் என்பவருடன் இணைந்து புளூஸ் இன்கார்ப்பரேட்டட் குழுவை அமைத்தார். 1962 இல் இலண்டனின் ஈலிங் பகுதியில் இக்குழு நிகழ்ச்சிகள் நடத்தியது. ஜாஸ் பின்னணி கொண்ட சார்லி வாட்ஸ், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர், டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித் ஆகியோர் இக்குழுவில் வாசித்தவர்களாவர். வாட்ஸ் பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் இணைந்தார். புரூஸும் பேக்கரும் 1966 இல் எரிக் கிளாப்டனுடன் கிரீம் குழுவை உருவாக்கினர். 1958 இல் ஜாஸ் இசைக்கூடமாகத் தொடங்கிய மார்க்கீ கிளப்பில்தான் 1962 ஜூலையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. 1961 இல் ரிச்மண்டில் தொடங்கப்பட்ட தேசிய ஜாஸ் விழாவே காலப்போக்கில் ரெடிங் ராக் விழாவாக மாறியது.

நவீன ஜாஸின் எழுச்சி

1959 அக்டோபர் 30 அன்று சாக்சபோன் கலைஞர்களான ரோனி ஸ்காட்டும் பீட் கிங்கும் இலண்டன் ஜெரார்ட் தெருவில் ஒரு நிலவறையில் ரோனி ஸ்காட்ஸ் கிளப்பைத் தொடங்கினர். தடை தளர்ந்திருந்தமையால் அமெரிக்கக் கலைஞர்கள் இங்கு நீண்ட நாட்கள் தங்கி வாசிக்க முடிந்தது. 1965 இல் இக்கூடம் ஃபிரித் தெருவுக்கு மாறியது. பழைய இடத்தின் குத்தகைக் காலம் முடியும்வரை அவ்விடம் இளம் கலைஞர்களுக்கு வழங்கப்பட்டது. 'ஓல்ட் பிளேஸ்' என அறியப்பட்ட அச்சிறு அறையில், 1968 வரை, ஒரு புதிய தலைமுறை பயிற்சி பெற்றது.

ரோனி ஸ்காட்ஸ் கிளப்பில் நிலையப் பியானோ கலைஞராக இருந்த ஸ்டான் டிரேசி, டிலன் தாமசின் வானொலி நாடகமொன்றைத் தழுவி 1965 இல் 'அண்டர் மில்க் வுட்' என்னும் இசைத்தொகுப்பைப் படைத்தார். அமெரிக்கப் பொருள்களை விடுத்து வேல்ஸ் நாட்டின் ஒரு சிற்றூரைப் பாடுபொருளாகக் கொண்ட இத்தொகுப்பு, பிரித்தானிய ஜாஸ் தன் சொந்த நிலத்தை நோக்கித் திரும்பியதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. டான் ரெண்டலும் இயான் காரும் இணைந்து நடத்திய ஐவர் குழு 1965 முதல் 1969 வரை வெளியிட்ட ஐந்து இசைத்தொகுப்புகளும் இவ்வகையில் முக்கியமானவை. இக்குழுவின் பியானோ கலைஞரான மைக்கேல் கேரிக் பல உருப்படிகளை இயற்றினார்.

மைக் வெஸ்ட்புரூக், நீல் ஆர்ட்லி, கிரஹாம் கோலியர் ஆகியோர் பெரிய குழுக்களுக்கு நீண்ட படைப்புகளை எழுதினர். போரை எதிர்க்கும் நோக்குடன் வெஸ்ட்புரூக் அமைத்த 'மார்ச்சிங் சாங்' 1969 இல் வெளிவந்தது. ஜான் சர்மன் இப்படைப்பில் பாரிடோன் சாக்சபோன் வாசித்தார்.

குடியேறிய கலைஞர்களின் பங்கு

பிரித்தானிய ஜாஸ் தனித்தன்மை பெற்றதில், பேரரசின் பிற பகுதிகளிலிருந்து வந்த கலைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜமேக்காவின் கிங்ஸ்டனில் 1928 இல் பிறந்த ஜோ ஹாரியட், 1951 இல் பிரித்தானியாவிற்கு வந்தார். ஆல்டோ சாக்சபோன் கலைஞரான இவர், முன்கூட்டியே வகுத்த சுரக்கோவையும் தாளமும் இன்றிக் கலைஞர்கள் ஒருவர் வாசிப்பை மற்றவர் கேட்டு உடனுக்குடன் இசையை உருவாக்கும் முறையை வளர்த்தார். இதே காலத்தில் அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் கட்டற்ற ஜாஸை உருவாக்கிக்கொண்டிருந்தார். எனினும் ஹாரியட்டின் முறை தனித்து உருவானதாகும். செயின்ட் வின்சென்டைச் சேர்ந்த ஷேக் கீன், ஜமேக்காவைச் சேர்ந்த கோல்ரிட்ஜ் கூட் ஆகியோர் இவருடன் வாசித்தனர். 1960 இல் பதிவு செய்யப்பட்ட 'ஃப்ரீ ஃபார்ம்', அதன் பின்னர் வெளிவந்த 'அப்ஸ்டிராக்ட்' ஆகியவை இவருடைய முதன்மையான படைப்புகளாகும்.

கல்கத்தாவில் பிறந்த வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜான் மேயருடன் இணைந்து ஹாரியட் 1966 இல் 'இந்தோ-ஜாஸ் சூட்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். ஐந்து ஜாஸ் கலைஞர்களும் சித்தார், தம்புரா, தபலா உள்ளிட்ட கருவிகளைக் கொண்ட ஐவரும் இதில் இணைந்தனர். மேயர் இராகத்தின் ஆரோகண அவரோகண வரம்புக்குள் இசையை எழுதி, ஜாஸ் கலைஞர்கள் மனோதர்மமாக வாசிப்பதற்கு இடம் விட்டார். பம்பாயிலிருந்து வந்த கித்தார் கலைஞர் அமான்சியோ டி'சில்வா 1969 இல் ஹாரியட்டுடன் 'ஹம் தோனோ' தொகுப்பைப் பதிவு செய்தார். ஹாரியட் வறுமையிலும் நோயிலும் வாடி 1973 இல், தமது 44 ஆம் வயதில் காலமானார்.

தென்னாப்பிரிக்காவின் புளூ நோட்ஸ் குழுவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரான கிறிஸ் மெக்கிரிகரும் இணைந்து வாசித்தனர். இனவொதுக்கல் சட்டங்களின் கீழ் இவ்வாறு ஒரே மேடையில் வாசிப்பது இடர் மிகுந்ததாக இருந்தது. 1964 இல் பிரான்சின் அந்தீப் விழாவிற்குச் சென்ற இக்குழுவினர் நாடு திரும்பாமல் 1965 இல் இலண்டனை அடைந்தனர். டூடு புக்வானா, மொங்கேசி ஃபேசா, ஜானி டியானி, லூயி மொஹோலோ ஆகியோர் இக்குழுவின் பிற முக்கிய கலைஞர்களாவர். தென்னாப்பிரிக்க நகரங்களின் நடன இசையையும் கட்டற்ற ஜாஸையும் இணைத்த இவர்களின் வாசிப்பு பிரித்தானிய இளம் கலைஞர்களை ஆழமாகப் பாதித்தது. மெக்கிரிகர் பின்னர் அமைத்த பிரதர்ஹுட் ஆஃப் பிரெத் என்னும் பெருங்குழுவில் இரு நாட்டவரும் சேர்ந்து வாசித்தனர். ஃபேசா 1975 இலும், டியானி 1986 இலும், மெக்கிரிகரும் புக்வானாவும் 1990 இலும் இறந்தனர். மொஹோலோ மட்டுமே இனவொதுக்கல் முடிந்த பின்னர் 2005 இல் தாயகம் திரும்பி வாழ்ந்தார்.

கட்டற்ற இசை

1960களின் நடுப்பகுதியில் சில கலைஞர்கள் ஜாஸின் வழமையான தாளம், மெட்டு ஆகியவற்றையும் கைவிட்டனர். 1965 இல் தோன்றிய ஏ.எம்.எம். குழுவும், டிரம்ஸ் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸ் அமைத்த ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்செம்பிள் குழுவும் இவ்வகையின் முன்னோடிகளாகும். இலண்டனில் லிட்டில் தியேட்டர் கிளப் என்னும் சிறிய நாடக அரங்கில், நாடகம் முடிந்த பின்னர் இரவில் ஸ்டீவன்சின் குழுவினர் வாசித்து வந்தனர். பார்வையாளர்களைவிடக் கலைஞர்கள் மிகுந்திருந்த இரவுகளும் உண்டு.

கித்தார் கலைஞர் டெரெக் பெய்லி, சாக்சபோன் கலைஞர் ஈவன் பார்க்கர், டிரம்ஸ் கலைஞர் டோனி ஆக்ஸ்லி ஆகியோர் 1970 இல் இன்கஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். பெரிய நிறுவனங்களை நம்பாமல் கலைஞர்களே தம் இசையை வெளியிடும் வழக்கத்திற்கு இது முன்மாதிரியாயிற்று. பெய்லி 1980 இல் வெளியிட்ட கற்பனை வாசிப்பு பற்றிய நூலில், ஜாஸ், பிளமெங்கோ, தேவாலய ஆர்கன் இசை ஆகியவற்றுடன் இந்திய இசையும் ஆராயப்பட்டுள்ளது.

முற்போக்குக் கிளைகள்

ஜாஸ்-ராக்

மின்கருவிகளையும் ராக் தாளங்களையும் ஜாஸின் கற்பனை வாசிப்போடு இணைத்த இசை ஜாஸ்-ராக் எனப்படுகிறது. பிரித்தானியாவில் இதன் வேர்கள் புளூஸ் குழுக்களில் உள்ளன. கிரஹாம் பாண்ட் ஆர்கனைசேஷன் குழுவில் வாசித்த டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித்தும், நீல் ஆர்ட்லியின் நியூ ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த டிரம்ஸ் கலைஞர் ஜான் ஹைஸ்மனும் 1968 இல் கொலோசியம் குழுவைத் தொடங்கினர். 1969 இல் வெளிவந்த இக்குழுவின் 'வாலண்டைன் சூட்' தொகுப்பே வெர்டிகோ நிறுவனத்தின் முதல் இசைத்தொகுப்பாகும். ஜாஸ் பெருங்குழுக்களின் நீண்ட படைப்பு முறை ராக் இசைக்குள் வந்ததற்கு இது ஒரு சான்றாகும்.

ரெண்டலிடமிருந்து பிரிந்த இயான் கார் 1969 இல் நியூக்ளியஸ் குழுவை அமைத்தார். கார்ல் ஜென்கின்ஸ், ஜான் மார்ஷல், கிறிஸ் ஸ்பெடிங், பிரையன் ஸ்மித், ஜெஃப் கிளைன் ஆகியோர் இதில் இடம்பெற்றனர். 'எலாஸ்டிக் ராக்' என்னும் இவர்களின் முதல் தொகுப்பு 1970 ஜனவரியில் பதிவு செய்யப்பட்டது. ஜாஸ்-ராக்கின் அடிப்படைப் படைப்பாகக் கருதப்படும் மைல்ஸ் டேவிசின் 'பிட்சஸ் புரூ' அப்போது இன்னும் வெளிவந்திருக்கவில்லை. எனவே பிரித்தானிய ஜாஸ்-ராக்கை அமெரிக்க இசையின் நகல் என மட்டும் கூறவியலாது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாப் போட்டியில் நியூக்ளியஸ் முதற்பரிசு பெற்றது.

கேன்டர்பரி இசை

தென்கிழக்கு இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் 1964 இல் தோன்றிய வைல்டு ஃபிளவர்ஸ் என்னும் சிறிய குழுவிலிருந்து சாஃப்ட் மெஷின், கேரவன் ஆகிய இரு குழுக்களின் கலைஞர்கள் வந்தனர். ஒற்றைப்படை எண்ணிக்கை கொண்ட தாளங்கள், ஒலியை முரடாக்கிய ஆர்கன், உணர்ச்சியை வெளிக்காட்டாத ஆங்கிலேய உச்சரிப்பு, நகைச்சுவை ஆகியன கேன்டர்பரி இசையின் பண்புகளாகும்.

சாஃப்ட் மெஷின் 1966 இல் மனமயக்க ராக் குழுவாகத் தொடங்கியது. 1968 இல் ஜிமி ஹென்ரிக்சின் அமெரிக்கப் பயணத்தில் அவருக்கு முன்னர் மேடையேறியது. பின்னர் எல்டன் டீன் போன்ற ஜாஸ் கலைஞர்கள் இணைந்ததும் அதன் இசை மாறியது. 1970 இல் வெளிவந்த 'தர்ட்' என்னும் இரட்டை இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு உருப்படிகள் மட்டுமே உள்ளன. அதே ஆண்டு ஆகஸ்டில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடைபெறும் பி.பி.சி. ப்ராம்ஸ் செவ்வியல் இசை விழாவில் இக்குழு வாசித்தது. அவ்விழாவில் மேடையேறிய முதல் ராக் குழு இதுவேயாகும். 1972 இல் நியூக்ளியசிலிருந்து ஜென்கின்சும் மார்ஷலும் இக்குழுவிற்கு வந்தனர்.

இக்குழுவின் டிரம்ஸ் கலைஞரும் பாடகருமான ராபர்ட் வயாட் 1971 இல் விலகினார். 1973 இல் மாடியிலிருந்து விழுந்து இடுப்பிற்குக் கீழ் செயலிழந்த அவர், டிரம்ஸ் வாசிப்பதைத் தொடர இயலாமல் பாடலிலும் விசைப்பலகையிலும் கவனம் செலுத்தி 1974 இல் 'ராக் பாட்டம்' தொகுப்பை வெளியிட்டார். ஹேட்ஃபீல்ட் அண்ட் த நார்த், நேஷனல் ஹெல்த், கில்கமெஷ் ஆகியன இக்கிளையின் பிற்காலக் குழுக்களாகும். இவற்றுள் முதலாவது குழுவின் பெயர், இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையின் வழிகாட்டிப் பலகையிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

கீத் டிப்பெட்டும் கிங் கிரிம்சனும்

பிரிஸ்டல் நகரில் 1947 இல் பிறந்த பியானோ கலைஞர் கீத் டிப்பெட், 1967 இல் வேல்சின் பாரி நகரில் நடைபெற்ற கோடைகால இசைப்பள்ளியில் எல்டன் டீன், மார்க் சாரிக், நிக் எவன்ஸ் ஆகியோரைச் சந்தித்தார். இவர்களைக் கொண்டு அவர் அமைத்த அறுவர் குழுவின் கலைஞர்கள் சாஃப்ட் மெஷின் குழுவிலும் வாசித்தனர். முற்போக்கு ராக்கின் முன்னோடியான கிங் கிரிம்சனின் 1970, 1971 ஆம் ஆண்டுத் தொகுப்புகள் மூன்றில் டிப்பெட் பியானோ வாசித்துள்ளார். அக்குழுவில் நிரந்தரமாகச் சேருமாறு ராபர்ட் ஃபிரிப் அழைத்தபோது அவர் ஏற்கவில்லை.

1970 இல் டிப்பெட் ஏறத்தாழ 50 கலைஞர்களைக் கொண்ட சென்டிபீட் குழுவை உருவாக்கினார். செவ்வியல் வயலின் கலைஞர்கள், ஜாஸ் கலைஞர்கள், ராக் கலைஞர்கள், தென்னாப்பிரிக்கர்கள் எனப் பலரும் இதில் இருந்தனர். இக்குழுவின் 'செப்டோபர் எனர்ஜி' தொகுப்பை 1971 இல் ஃபிரிப் தயாரித்தார். இத்தகைய பெரிய குழுவை நீண்டகாலம் நடத்துவது பொருளியல் அடிப்படையில் இயலாததாகையால் அது விரைவில் கலைந்தது. டிப்பெட் 2020 இல் காலமானார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1968 இல் தோன்றிய ஹென்றி கவ் குழு, கட்டற்ற இசையையும் நுட்பமாக எழுதப்பட்ட இசையையும் இணைத்தது. 1978 இல் இக்குழு இசைத்தட்டு நிறுவனங்களின் வணிகப் போக்கிற்கு எதிராக 'ராக் இன் ஆப்போசிஷன்' என்னும் ஐரோப்பியக் குழுக்களின் கூட்டமைப்பை உருவாக்கியது.

மெக்லாஃப்லினும் சக்தி குழுவும்

யார்க்சயரின் டான்காஸ்டரில் 1942 இல் பிறந்த கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், கிரஹாம் பாண்ட் உள்ளிட்டோரின் குழுக்களில் வாசித்தவர். ஜான் சர்மன், டோனி ஆக்ஸ்லி ஆகியோருடன் 1969 இல் 'எக்ஸ்டிராபொலேஷன்' தொகுப்பைப் பதிவு செய்த பின்னர் நியூயார்க் சென்று மைல்ஸ் டேவிசின் ஒலிப்பதிவுகளில் பங்கேற்றார். அதற்கு முந்தைய ஆண்டில், ரோனி ஸ்காட்ஸ் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த பேஸ் கலைஞர் டேவ் ஹாலண்டைக் கேட்ட டேவிஸ் அவரையும் தம் குழுவிற்கு அழைத்துக்கொண்டார். இவ்வாறு அமெரிக்க ஜாஸ்-ராக்கின் தொடக்கத்திலேயே இரு ஆங்கிலேயர்கள் இடம்பெற்றனர்.

1971 இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை அமைத்த மெக்லாஃப்லின், 1970களின் நடுப்பகுதியில் மின்கருவிகளை விடுத்து சக்தி குழுவைத் தொடங்கினார். வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் கலைஞர் டி. எச். விநாயக்ராம், தபலா கலைஞர் ஜாகிர் உசேன் ஆகியோர் இதில் இணைந்தனர். சென்னையில் பிறந்த சங்கர், தந்தை வி. இலட்சுமிநாராயணா இசை ஆசிரியராகப் பணியாற்றிய யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். கருநாடக இசை, இந்துஸ்தானி இசை, ஜாஸ் ஆகிய மூன்றும் சமநிலையில் சந்தித்த குழுவாகச் சக்தி கருதப்படுகிறது. பின்னாளில் மண்டலின் கலைஞர் உ. ஸ்ரீநிவாசும் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேசும் இதன் மறு உருவாக்கத்தில் இடம்பெற்றனர். 2023 இல் வெளிவந்த 'திஸ் மொமென்ட்' தொகுப்பு 2024 இல் கிராமி விருது பெற்றது.

சரிவு

1970களின் நடுப்பகுதியில் இவ்வியக்கம் தளர்ந்தது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் குறைவாக விற்பனையாகும் ஜாஸ் வெளியீடுகளைக் கைவிட்டன. 1976 ஆம் ஆண்டளவில் எழுந்த பங்க் இசை, நீண்ட உருப்படிகளையும் கருவித்திறனையும் பகட்டாகக் கருதியது. இதனால் முற்போக்குக் குழுக்கள் பல இளைஞர்களின் ஆதரவை இழந்தன.

இக்காலத்தின் இசைத்தட்டுகள் பல, சிறிய அளவில் அச்சிடப்பட்டு மறுபதிப்பின்றிப் போயின. இயான் கார் 1973 இல் எழுதிய 'மியூசிக் அவுட்சைட்' நூல், பிரித்தானிய ஜாஸ் கலைஞர்கள் தம் நாட்டின் இசை நிறுவனங்களால் புறக்கணிக்கப்பட்டதை அவர்களின் வாழ்க்கை வழியாகப் பதிவு செய்கிறது. பியானோ கலைஞர் மைக் டெய்லர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரு ஜாஸ் தொகுப்புகளை மட்டும் வெளியிட்ட இவர், ஜிஞ்சர் பேக்கருடன் இணைந்து எழுதிய மூன்று பாடல்கள் 1968 இல் கிரீம் குழுவின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' தொகுப்பில் இடம்பெற்றன. ஆயினும் கவனிப்பாரின்றி 1969 இல் 30 வயதில் இறந்தார்.

மறுமலர்ச்சி

1980களில் இரு பெருங்குழுக்கள் புதிய தலைமுறையை அடையாளம் காட்டின. கிரஹாம் கோலியர் நடத்திய பயிற்சிப் பட்டறையிலிருந்து 1984 இல் லூஸ் டியூப்ஸ் குழு தோன்றியது. ஜாங்கோ பேட்ஸ், இயன் பாலமி ஆகிய இக்குழுவின் கலைஞர்கள், முற்போக்கு ராக் டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபர்ட் 1986 இல் அமைத்த எர்த்வொர்க்ஸ் குழுவிலும் வாசித்தனர். கரிபியப் பின்னணி கொண்ட கறுப்பின இளைஞர்கள் ஜாஸ் வாரியர்ஸ் குழுவில் இணைந்தனர். அக்குழுவின் சாக்சபோன் கலைஞர் கோர்ட்னி பைனின் முதல் தொகுப்பு 1986 இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வந்தது.

ஜாஸ் வாரியர்சில் வாசித்த கேரி கிராஸ்பி, ஜனீன் ஐரன்ஸ் என்பவருடன் இணைந்து 1991 இல் டுமாரோஸ் வாரியர்ஸ் என்னும் பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். இசைக் கல்லூரிகளை எட்ட இயலாத இளைஞர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளிப்பது இதன் நோக்கமாகும். ஷபாக்கா ஹட்சிங்ஸ், நுபாயா கார்சியா, மோசஸ் பாய்ட் ஆகியோரும் எஸ்ரா கலெக்டிவ் குழுவினரும் இதில் பயின்றவர்களாவர். எஸ்ரா கலெக்டிவ் 2023 இல் மெர்குரி பரிசு பெற்றது. 1992 முதல் வழங்கப்படும் இப்பரிசை வென்ற முதல் ஜாஸ் குழு இதுவாகும்.

மரபுரிமை

பிரித்தானிய ஜாஸின் மரபுரிமையைப் பின்வரும் வகைகளில் காணலாம்:

- ராக் இசைக்கு அளித்த கலைஞர்களும் இசைக்கூடங்களும். ரோலிங் ஸ்டோன்ஸ், கிரீம், கிங் கிரிம்சன் ஆகிய குழுக்களின் வரலாற்றை ஜாஸ் கலைஞர்களின்றி எழுதவியலாது.
- ஐரோப்பியக் கட்டற்ற இசையின் வளர்ச்சியும், கலைஞர்களே நடத்தும் வெளியீட்டு நிறுவனங்களும்.
- இந்திய, ஆப்பிரிக்க, கரிபிய இசைகளுடன் நிகழ்ந்த கலப்பு. 2010களின் இலண்டன் ஜாஸ் இக்கலப்பையே தொடர்கிறது.
- பிற துறைகளில் ஏற்பட்ட தாக்கம். சாஃப்ட் மெஷினில் வாசித்த கார்ல் ஜென்கின்ஸ், பின்னர் 'த ஆர்ம்டு மேன்' என்னும் பாடற்குழுப் படைப்பினால் உலகெங்கும் அறியப்பட்டார்.

2000களிலிருந்து பழைய ஒலிப்பதிவுகள் மீண்டும் வெளிவரத் தொடங்கின. ரெண்டல்-கார் குழுவின் ஐந்து தொகுப்புகளும் 2018 இல் ஒருசேர மறுபதிப்புப் பெற்றன. முதற்பதிப்பு இசைத்தட்டுகள் சேகரிப்பாளர்களிடையே மிகுந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை வாசித்தவர்களுள் பலர் அப்போது உயிருடன் இல்லை. அவர்களின் வாழ்நாளில் கிடைக்காத ஆதரவை அடுத்த தலைமுறைக்கேனும் உறுதிசெய்யும் முயற்சியாக டுமாரோஸ் வாரியர்ஸ் போன்ற அமைப்புகளைக் கருதலாம்.

குறிப்பிடத்தக்க இசைத்தொகுப்புகள்

- ஸ்டான் டிரேசி - அண்டர் மில்க் வுட் (1965)
- ஜோ ஹாரியட், ஜான் மேயர் - இந்தோ-ஜாஸ் சூட் (1966)
- டான் ரெண்டல், இயான் கார் - டஸ்க் ஃபயர் (1966)
- மைக் வெஸ்ட்புரூக் - மார்ச்சிங் சாங் (1969)
- ஜான் மெக்லாஃப்லின் - எக்ஸ்டிராபொலேஷன் (1969)
- கொலோசியம் - வாலண்டைன் சூட் (1969)
- நியூக்ளியஸ் - எலாஸ்டிக் ராக் (1970)
- சாஃப்ட் மெஷின் - தர்ட் (1970)
- சென்டிபீட் - செப்டோபர் எனர்ஜி (1971)
- ராபர்ட் வயாட் - ராக் பாட்டம் (1974)
- நீல் ஆர்ட்லி - கலைடோஸ்கோப் ஆஃப் ரெயின்போஸ் (1976)
- நுபாயா கார்சியா - சோர்ஸ் (2020)